இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டே மெட்டமைக்கப் பழகுவது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள் ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. இசை, வாய்ப்பாட்டு, இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வர்ணம், கீர்த்தனை எல்லாம் ஒழுங்காகப் பாடமாகிறது, தேர்வும் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் ஆசை சொந்தமாகப் பாட்டு அமைப்பதில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை, கேட்டால் "முதலில் பாடக் கற்றுக்கொள்" என்கிறார்கள், நான் தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவறான இடத்துக்கு வரவில்லை. ஆனால் மெட்டமைப்பு அங்கே தனிப் பாடமாக உங்களைத் தேடி வராது. வேறு பாடங்களுக்குள்ளே இருப்பதை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், எங்கே எடுப்பது என்று சொல்லப் பார்க்கிறேன்.

கல்லூரிக்கும் பாட்டு இயற்றுவதற்கும் நம்மிடையே பழைய உறவு உண்டு. திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீத அகாதமிக்கு முதல் முதல்வராக இருந்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். நாமே இன்றும் பாடுகிற வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் தில்லானாக்களையும் இயற்றியவர். சாகித்தியம், அதாவது சொல் மட்டும் மிஞ்சி மெட்டு மறைந்துபோன மன்னர் சுவாதித் திருநாளின் பாடல்களுக்கு உயிர் கொடுக்கும் வேலையும் அவரிடம்தான் வந்தது. 1936இல் தொடங்கிய சென்னைக் கலாக்ஷேத்ராவில் பாபநாசம் சிவன் ஆசிரியராக இருந்திருக்கிறார். மைசூர் வாசுதேவாச்சார் எண்பது வயதைத் தாண்டிய பிறகு அங்கே வந்து, ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தார். அவர் விட்ட மிச்சத்தைப் பேரன் ராஜாராம் முடித்தார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1929இல் வந்தது. அங்கே பேராசிரியராக இருந்த தண்டபாணி தேசிகர் தாமே தமிழ்ப் பாட்டு எழுதி மெட்டும் போட்டவர். ஆக, கல்லூரியில் உட்கார்ந்து பாட்டு அமைப்பது புதிய ஆசை இல்லை. இவர்கள் செய்தது அதுதான்.

"முதலில் பாடக் கற்றுக்கொள்" என்பதைப் பற்றி ஒன்று. அந்தச் சொல் எனக்கும் கிடைத்தது. நான் படித்த கல்லூரியில் ஒரு ஆசிரியரிடம் என் முதல் பாட்டைக் கொண்டுபோனேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. மனது நொந்துபோய், அப்புறம் எழுதியதையெல்லாம் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். படிப்பு முடிந்து ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பதினொரு பாட்டு இருந்தது. பதினொன்றும் சமத்தில் எடுப்பு, அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே பாட்டுத் தொடக்கம். ஒன்பது பாட்டு பஞ்சம ஸ்வரத்தில் ஆரம்பம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது கேட்டுவிட்டு "ஏன் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகிறது?" என்று கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஒருவர் கேட்க மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள். மூடி வைக்காதீர்கள்.

இப்போது பாடத்துக்குள் வருவோம். வர்ணத்தை நீங்கள் பாட்டாக மட்டும் பாடிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். அதன் எத்துக்கடை ஸ்வரங்களை, அதாவது சரண வரிக்குப் பின் அடுத்தடுத்து வரும் ஸ்வர வரிசைகளை, ஒரு தடவை மெட்டமைத்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். முதல் ஸ்வரம் பெரும்பாலும் நெட்டெழுத்துகளாக, ஒரு ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், முடியும். அடுத்தது கொஞ்சம் நெருக்கமாகும். கடைசி ஸ்வரம் பல ஆவர்த்தனம் ஓடும். ஒவ்வொன்றும் முடிகிற இடம், சரண எடுப்புக்கு வழுக்கிக்கொண்டு சேரும்படி இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வர்ணத்தை எடுத்து, அதே சரணத்துக்கு நீங்களே ஒரு எத்துக்கடை ஸ்வரம் எழுதுங்கள். சொல் கிடையாது, ராகம் தயார், தாளம் தயார், சேர வேண்டிய இடமும் தயார். ஆரம்பிக்கிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் சிட்டைஸ்வரம், அதாவது கீர்த்தனையோடு சேர்த்துப் பாட முன்கூட்டியே அமைத்து வைக்கும் ஸ்வரப் பகுதி. சிட்டைஸ்வரம் இல்லாத ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம், 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32. நான்கு ஆவர்த்தனம் எழுதினால் 128. கடைசி ஆவர்த்தனத்தில் ஒரு முத்தாய்ப்பு, அதாவது மூன்று தடவை வந்து முடிகிற முடிப்பு, வைக்க வேண்டும் என்றால், 10 மாத்திரைக்கு ஒரு ஸ்வரக்கட்டு மூன்று தடவை, நடுவில் 1 மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி. 10, 1, 10, 1, 10. கூட்டிப் பாருங்கள், 32 வரும். சமத்தில் எடுக்கிற பாட்டுக்கு அப்படியே பொருந்தும். எடுப்பு அரை இடம், அதாவது அரை அட்சரம், தள்ளியிருந்தால், அந்த இரண்டு மாத்திரையை எங்கே கூட்டுவது என்று நீங்களே யோசிக்க வேண்டும். யோசிக்கிற அந்த அரை மணி நேரத்தில் கணக்கு கைக்கு வந்துவிடும்.

இவையெல்லாம் தயாரிப்பு. உண்மையான சிக்கல் சொல் வந்ததும் தொடங்குகிறது. நான் பார்த்த வரையில் மாணவர்கள் இடறுவது ராகத்தில் இல்லை, சொல்லில்தான். ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

என் மாணவர் ஒருவர் ஒரு பல்லவி கொண்டுவந்தார். மோகனம், ஆதி. அவரே எழுதிய வரி: "மலை மேலே ஒரு விளக்கு". கார்த்திகை தீபத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். சமத்தில் "ம" என்று எடுத்து, அந்த எழுத்தை இரண்டு மாத்திரைக்கு மேல் நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்குக் கேட்டது "மாலை மேலே". குறிலை நீட்டினால் தமிழில் வேறு சொல் பிறந்துவிடும். மலை மாலை ஆகும், கல் கால் ஆகும், விடு வீடு ஆகும், படு பாடு ஆகும். எழுதியவருக்கு இது கேட்காது, ஏனென்றால் அவர் மனதில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. முதல் தடவை கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

வரியின் கடைசியிலும் ஒரு சிக்கல் இருந்தது. "விளக்கு" என்று முடிகிறது. அந்தக் கடைசி "கு" குற்றியலுகரம், அரை மாத்திரை. பல்லவி முடிகிற இடத்தில் பாடகருக்கு நிற்க வேண்டும், சங்கதி போட வேண்டும், அதாவது அதே வரியை விதம்விதமாக மாற்றிப் பாட வேண்டும். அரை மாத்திரை எழுத்தின் மேல் எப்படி நிற்பது? அவர் நின்றார், "விளக்கூ" என்று ஆயிற்று. நடுவில் "ளக்" என்று வல்லின ஒற்று அடைக்கிற அசை. அதையும் நீட்ட முடியாது, நீட்டினால் "ளாக்" என்று போகும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வரியைத் திருப்பினோம். "தீபம் கண்டேன் மலை மேலே". பொருள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பாடுவதற்கு வேறு வரி. தொடக்கத்தில் "தீ" நெடில், தாராளமாக நிற்கலாம். "பம்", "கண்" இரண்டும் மெல்லின ஒற்றில் முடிகின்றன. மெல்லினத்துக்கு மூக்கொலி உண்டு, அதனால் உயிரை நீட்டாமலே ஒற்றில் ஒலியை நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில் "லே", ஏகார நெடில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும்.

தாளத்தில் இப்படி வைத்தோம். முதல் அட்சரம் "தீ", 4 மாத்திரை. இரண்டாவதில் "பம்" 2, "கண்" 2. மூன்றாவது "டேன்", 4. நான்காவதில் "ம" ஒரே ஒரு மாத்திரை, "லை" 3. ஐந்தாவது அட்சரத்தில், அதாவது திருதத்தின் முதல் தட்டில், "மே" விழுகிறது. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் "லே". மொத்தம் 32. "ம" குறிலாகவே இருக்கிறது, மலை மலையாகவே கேட்கிறது. "லை" இலக்கணப்படி ஐகாரக்குறுக்கம்தான், ஆனால் நீட்டினாலும் பொருள் மாறாது, அதனால் பயமில்லை. "மேலே" என்ற சொல் அருதியில், அதாவது தாளத்தின் பாதியில், சரியாகத் தொடங்குவதால், கேட்கிறவருக்கு வரி இரண்டாகப் பிரிந்து தெளிவாக விழும். கடைசிப் பன்னிரண்டு மாத்திரை சங்கதிக்கு இடம்.

ஸ்வரத்துக்கு வந்தோம். அவர் போட்டது: "தீ" காந்தாரம், "பம்" பஞ்சமம், "கண்" காந்தாரம், "டேன்" ரிஷபம், "ம" காந்தாரம், "லை" பஞ்சமம், "மே" தைவதம், "லே" மேல் ஷட்ஜம். "மேலே" என்ற சொல்லுக்கு மேலே போகிறது, கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பல்லவியின் முதல் சங்கதியிலேயே மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டால் அனுபல்லவிக்கு என்ன மிச்சம்? நீங்கள் பாடம் செய்த கீர்த்தனைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பல்லவி மத்திய ஸ்தாயியில் சுற்றும், அனுபல்லவிதான் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும், சரணம் மறுபடி கீழே இறங்கித் தொடங்கி, பிற்பகுதியில் அனுபல்லவியின் மெட்டைத் தொடும். அந்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் காது நம்முடையது. "லே"யைப் பஞ்சமத்தில் இறக்கி நிறுத்தச் சொன்னேன். உடனே பாட்டின் நிறம் மாறியது. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது.

அனுபல்லவி அவரே எழுதினார்: "தாபம் தணிந்தேன் அதனாலே". தீபம், தாபம் என்று எதுகை விழுந்தது, தகர வருக்கத்தில் மோனையும் விழுந்தது, மேலே, அதனாலே என்று கடைசியில் இயைபும் வந்தது. இந்தத் தடவை "தா"வைத் தைவதத்தில் எடுத்து "தேன்" வரும்போது மேல் ஷட்ஜம். பல்லவியில் கட்டி வைத்திருந்த ஏக்கம் அங்கே அவிழ்ந்தது. அந்த மாணவர் அன்று பாடி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இதற்காக நீங்கள் யாப்பிலக்கணம் முழுவதும் படிக்க வேண்டாம். குறில், நெடில், ஒற்று, குற்றியலுகரம், எதுகை, மோனை, இயைபு, இவ்வளவு போதும். கலைக் கல்லூரியில் படிப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மாடியிலோ பக்கத்துக் கட்டடத்திலோ தமிழ்த் துறை இருக்கும். அங்கே ஒரு ஆசிரியரிடம் போய் உங்கள் வரியைப் பேசுகிற மாதிரி வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் பாடிக் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே சொல் கேட்கிறதா என்று கேளுங்கள். தனி இசைக் கல்லூரியில் இசைக் கலைமணி படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். அவர்களுக்கோ வேறொரு வசதி: தவிலும் மிருதங்கமும் வயலினும் நாகஸ்வரமும் அடுத்தடுத்த அறையில்.

வாத்தியம் படிக்கிற நண்பர்களைத் தேடிப்போங்கள். குறிப்பாக மிருதங்கம். நீங்கள் பாடும்போது அவர் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். கை தயங்குகிற இடத்தில் உங்கள் சொல்லும் தாளமும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று அர்த்தம். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. வயலின்காரரிடம் கொடுத்துச் சொல் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். சொல் இல்லாமலும் மெட்டு நிற்கிறதா, அல்லது சொல்லின் உருக்கத்தில்தான் இவ்வளவு நேரம் ஓடியதா என்று தெரிந்துவிடும்.

ராகம் பற்றி மாணவர்கள் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். யாரும் தொடாத ராகம் வேண்டும் என்று 72 தாய் ராகங்களின் மேளகர்த்தாப் பட்டியலில் தேடுகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அபூர்வ ராகத்தில் ஆரோகண அவரோகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம், தப்பு யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மோகனமோ ஆபோகியோ கல்யாணியோ எடுங்கள். பாடமாகியிருக்கிற ஐந்தாறு உருப்படிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஸ்வரத்தில் எடுக்கிறது, எங்கே நிற்கிறது, எடுப்பு சமமா, அரை இடமா, முக்கால் இடமா. பக்கத்திலேயே உங்கள் பாட்டையும் எழுதுங்கள். என் பதினொரு பாட்டுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

சொல் எழுத வராவிட்டால் அதற்காகவும் நிற்க வேண்டாம். பாட்டு எழுதுகிறவரும் மெட்டு போடுகிறவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் ராமாயணத்தைக் கீர்த்தனைகளாக எழுதினார். இசை அமைத்தவர்கள் அவருடைய சீடர்கள், சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும். ஆண்டாளின் முப்பது பாசுரங்களுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார். அந்த மெட்டில்தான் இன்றும் மார்கழியில் பலர் பாடுகிறார்கள். நீங்கள் தேவாரத்தையோ பாரதியையோ எடுக்கலாம். பாரதி தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தாமே குறித்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் வேறு வழியில் போகலாமா என்று யோசியுங்கள். அவருடைய எழுத்தின் உரிமையை அரசு 1949இலேயே வாங்கிவிட்டதால் அனுமதிக்காக அலைய வேண்டாம். இன்றைய கவிஞர் ஒருவரின் வரி என்றால் கட்டாயம் அனுமதி கேளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. கல்லூரி ஆண்டு விழாதானே என்று விட்டுவிடாதீர்கள், இப்போது எல்லா விழாவும் அன்று மாலையே இணையத்தில் ஏறிவிடுகிறது.

ஸ்வரப்படுத்தி எழுதுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கைபேசியில் பதிவு செய்துவிட்டேனே, எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். பதிவும் வேண்டும், எழுத்தும் வேண்டும். எழுதும்போதுதான் "இந்த இடத்தில் உண்மையில் என்ன பாடுகிறேன்?" என்று உங்களுக்கே கேள்வி வரும். எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்குக்கூட, அதாவது ஸ்வரத்தின் அசைவுகளுக்குக்கூட, தனி அடையாளம் வைத்துப் பாடல்களை அச்சிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைப் பற்றி இன்று ஒரு சந்தேகம் வந்தாலும் நாம் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறோம். நீங்கள் அவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டியதில்லை. தாள அங்கங்களைக் கோடு போட்டுப் பிரித்து, மேலே ஸ்வரம், கீழே சாகித்தியம், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நேர்கோட்டில் வரும்படி எழுதினால் போதும். அசைவு முக்கியமான இடத்தில் ஒரு வளைகோடு. எழுதிய தாளை, பாட்டைக் கேட்டே இராத ஒரு நண்பரிடம் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். அவர் பாடுவது உங்கள் பாட்டாக இருந்தால் எழுதியது சரி.

பதிவு செய்ததை அன்றே கேட்காதீர்கள். மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். அதற்குள் எந்தச் சங்கதி தானாக வாயில் வருகிறது, எது மறந்துபோயிற்று என்று பாருங்கள். மறந்துபோனதை நீங்கள் யோசித்துத் திணித்திருப்பீர்கள், தயங்காமல் எடுத்துவிடலாம்.

சினிமா இசையோ, பல குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதுகிற மேற்கத்திய முறையோ உங்கள் மனதில் இருந்தால், கர்நாடக இசைப் பட்டப்படிப்பு அதற்குப் போதாது. ஹார்மனி என்ற ஒத்திசைவு, கவுன்டர்பாயின்ட் என்ற பல மெட்டுப் பின்னல், ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய இசை எழுத்துமுறை ஆகியவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற எட்டு கிரேடு தேர்வுகளுக்குப் பல ஊர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாலையில் படிக்கலாம். சென்னையில் 2008இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன, செலவையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாம் ஆண்டில் பட்டத்தை விட்டுவிட்டுப் போக வேண்டாம். குறிலை நீட்டக் கூடாது என்பது தமிழ்ச் சொல் வருகிற எந்த இசைக்கும் பொது, அதை இங்கே கற்றுக்கொண்டு போகலாம்.

இந்தப் பருவத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு பல்லவி, ஒரு அனுபல்லவி, தெரிந்த ராகம், ஆதி அல்லது ரூபகம். சரணத்துக்கு அவசரப்படாதீர்கள். பல்லவியை எழுதியதும் தம்புராவைப் போட்டுக்கொண்டு ஐம்பது தடவை பாடுங்கள், பின்பு மிருதங்க அறைக்குப் போங்கள். "தீபம் கண்டேன்" எழுதிய மாணவருக்குச் சரணம் அமைய ஐந்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் வந்து ஒரு வரி பாடுவார், நாங்கள் ஒரு சொல்லை மாற்றுவோம். போன கார்த்திகைக்கு அவர் ஊர்க் கோயிலில் அவருடைய தங்கை அதைப் பாடினாள். மேடையில் இல்லை, தீபம் ஏற்றின பிறகு பிராகாரத்தில் நின்றபடி. "மலை" என்று ஒரு மாத்திரையில் சரியாகத் தொட்டுவிட்டுப் போனாள் என்று எனக்கு ஃபோன் செய்து சொன்னார்.